டேட்டாபேஸ் குவெரிகளில் நல்: காணாமல் போகும் வரிசைகளைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வியான குவெரியில் டேபிள் பெயரைத் தப்பாக அடித்தால் அது உடனே கத்தும். கமா விட்டுப்போனாலும் அப்படித்தான். மதிப்பு இல்லாத இடத்தில் டேட்டாபேஸ் வைக்கும் குறிதான் நல் (NULL). அதன் விஷயத்தில் அந்தச் சத்தமே வராது. குவெரி ஓடும், விடை வரும், பார்க்கச் சரியாகவும் இருக்கும். வந்திருக்க வேண்டிய சில வரிசைகள் மட்டும் அதில் இருக்காது. யாராவது உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, "கணக்கு இடிக்கிறதே" என்று சொல்லும்வரை விஷயம் வெளியே வராது.

இதற்குக் காரணம், நல் மதிப்புக்கு எல்லா இடத்திலும் ஒரே சட்டம் கிடையாது என்பதுதான். வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதி அதை ஒரு மாதிரி நடத்தும், வரிசைகளைக் குழுவாக்கும் குரூப் பை வேறு மாதிரி, உள்ளே வரும் மதிப்பைச் சோதிக்கும் செக் கட்டுப்பாடு வேர் பகுதிக்கு நேர் எதிராக. எந்த இடத்தில் எந்தச் சட்டம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டளைச் சொற்களைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இயக்கிப் பார்க்கும்போது வழக்கமாக எப்படித் தட்டுவீர்களோ அப்படித் தட்டிக்கொள்ளுங்கள். எல்லா உதாரணங்களுக்கும் இந்த இரண்டு டேபிள்கள் போதும்.

ஊழியர்

எண் | பெயர் | துறை_எண் | மேலாளர்_எண் | ஊக்கத்தொகை
1 | மலர் | 10 | நல் | 5000
2 | கதிர் | 10 | 1 | 0
3 | நிலா | 20 | 1 | நல்
4 | இளங்கோ | நல் | 2 | 3000
5 | தேன்மொழி | 20 | 2 | நல்

துறை

எண் | பெயர்
10 | கணக்கு
20 | விற்பனை
30 | ஆய்வு

படி 1: இந்த நல் எதைச் சொல்கிறது என்று முதலில் கேளுங்கள்

மேலே உள்ள ஊழியர் டேபிளில் ஐந்தே வரிசை. அதற்குள்ளேயே நல் மூன்று வேறு அர்த்தங்களில் வந்திருக்கிறது. மலருக்கு மேலாளர் எண் நல். அவர்தான் தலைமை, அவருக்கு மேல் ஆள் இல்லை. இளங்கோவுக்குத் துறை எண் நல். இன்னும் துறை ஒதுக்கவில்லை, நாளை வரும். நிலாவுக்கு ஊக்கத்தொகை நல். அவருக்குத் தொகை உண்டா, எவ்வளவு என்று யாரும் பதிவு செய்யவில்லை. கதிருக்கு இருப்பது 0. அவருக்குத் தொகை கிடையாது என்று தெளிவாக முடிவெடுத்து எழுதியிருக்கிறார்கள். பூஜ்யமும் நல்லும் ஒன்றல்ல என்பது அங்கேதான் தெரியும்.

டேட்டாபேஸுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அதற்கு மூன்றும் ஒரே நல். டேட்டாவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1985இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவது விதியாகவே நல் மதிப்புகளை ஒழுங்காகக் கையாள வேண்டும் என்று வைத்தார். பிறகு, "தெரியாது" என்பதற்கு ஒரு குறி, "பொருந்தாது" என்பதற்கு இன்னொரு குறி என இரண்டு வேண்டும் என்றும் வாதிட்டார். குவெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல் (SQL) அந்த வழியில் போகவில்லை, ஒன்றோடு நின்றுவிட்டது. அவரோடு சேர்ந்து வேலை செய்த கிரிஸ் டேட் என்பவரோ நல்லே வேண்டாம் என்ற கட்சி. அந்தச் சண்டையில் யார் பக்கம் நின்றாலும் சரி, நம் கையில் இருப்பது ஒரே குறிதான். அதனால் அர்த்தத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலை குவெரி எழுதுபவர் தலையில் விழுகிறது.

படி 2: உண்மை, பொய், தெரியாது

நல் மதிப்பை எதோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, "தெரியாது". 5 = நல் என்றாலும் தெரியாது, சமமில்லை என்ற குறியைப் போட்டு 5 <> நல் என்றாலும் தெரியாது. நல் = நல் என்பதற்கும் அதே விடைதான். தெரியாத இரண்டு விஷயங்கள் ஒன்றா என்று கேட்டால் வேறென்ன சொல்ல முடியும்?

இந்த மூன்றாவது விடை அண்ட், ஆர், நாட் ஆகியவற்றோடு சேரும்போது இப்படி நடக்கும்:

தெரியாது அண்ட் பொய் → பொய்
தெரியாது அண்ட் உண்மை → தெரியாது
தெரியாது ஆர் உண்மை → உண்மை
தெரியாது ஆர் பொய் → தெரியாது
நாட் தெரியாது → தெரியாது

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தத் தெரியாத இடத்தில் உண்மையைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பொய்யைப் போட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் அதுதான் விடை. மாறினால் "தெரியாது". கடைசி வரிதான் அதிகம் ஏமாற்றும். நாட் போட்டால் "மீதி எல்லாம்" வந்துவிடும் என்று கை தானாக எழுதிவிடும். வராது.

வேர் பகுதியின் சட்டம் இதுதான்: நிபந்தனை உண்மையாக இருந்தால் மட்டும் வரிசையை உள்ளே விடும். பொய்யானாலும் தெரியாது என்றானாலும் கதவு மூடியதுதான். குழுக்களை வடிகட்டும் ஹேவிங், டேபிள்களை இணைக்கும் ஜாயினின் ஆன் பகுதி ஆகியவையும் இதே கட்சி.

கண்ணால் பார்த்துவிடலாம்:

செலக்ட் பெயர் ஃப்ரம் ஊழியர் வேர் ஊக்கத்தொகை = 0
→ கதிர்

செலக்ட் பெயர் ஃப்ரம் ஊழியர் வேர் ஊக்கத்தொகை <> 0
→ மலர், இளங்கோ

பூஜ்யமாக இருப்பவர், பூஜ்யமாக இல்லாதவர் என்று இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. மொத்தம் மூன்று பேர். ஐந்து பேரில் நிலாவும் தேன்மொழியும் எங்கே? இரண்டு குவெரிகளிலும் அவர்கள் விஷயத்தில் விடை "தெரியாது", அதனால் இரண்டிலும் வெளியே. நாட் (ஊக்கத்தொகை = 0) என்று மாற்றி எழுதினாலும் இதே கதைதான். லைக் '%' என்று எழுதினால் எல்லாச் சொல்லும் பொருந்தும் என்று நினைப்போம். நல் அதிலும் பொருந்தாது.

படி 3: நல் உள்ளதைத் தேடுவது

இதற்குத் தனிச் சொல் இருக்கிறது: இஸ் நல், இஸ் நாட் நல். இவை இரண்டும் எப்போதும் உண்மை அல்லது பொய் என்றுதான் சொல்லும், தெரியாது என்ற பேச்சே இல்லை.

செலக்ட் பெயர் ஃப்ரம் ஊழியர் வேர் ஊக்கத்தொகை <> 0 ஆர் ஊக்கத்தொகை இஸ் நல்
→ மலர், நிலா, இளங்கோ, தேன்மொழி

= நல் என்று எழுதினால் பிழைச் செய்தி வராது, ஒரு வரிசையும் வராது. நேரடியாக இப்படி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் அப்ளிகேஷனிலிருந்து "துறை_எண் = ?" என்று ஒரு குவெரி போகும், அந்தக் கேள்விக்குறி இடத்தில் ஒரு நாள் நல் போய் உட்காரும். அப்போது எழுதியது = நல்தான். நிரல் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு "பதிவே இல்லை" என்று தோன்றும், பல சமயம் அதை நம்பி அதே பதிவை இன்னொரு முறை செருகியும் விடுவார்கள்.

நிபந்தனையைப் பார்த்து மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் கேஸ் எழுதும்போதும் இதே பொறி இருக்கிறது. கேஸ் ஊக்கத்தொகை வென் நல் தென் ... என்று சுருக்கமாக எழுதினால் உள்ளுக்குள் அது சமக்குறி ஒப்பீடு, எனவே அந்தக் கிளை ஒருபோதும் ஓடாது. கேஸ் வென் ஊக்கத்தொகை இஸ் நல் தென் ... என்று நீட்டி எழுதுங்கள்.

படி 4: இரண்டு பக்கமும் நல் வரலாம் என்றால்

பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் ஒப்பிட்டு "மாறியிருக்கிறதா" என்று பார்க்கும் வேலை அடிக்கடி வரும். டேபிள் மாறும்போது தானாக ஓடும் ட்ரிக்கரில், டேட்டா இறக்குமதியில், தணிக்கைப் பதிவில். பழைய <> புதிய என்று எழுதினால் நல்லிலிருந்து 3000 ஆனது மாற்றமாகத் தெரியாது. 3000 அழிந்து நல் ஆனதும் தெரியாது. முக்கியமான மாற்றங்களே பெரும்பாலும் இவைதான்.

இதற்காகவே இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் என்ற ஒப்பீடு எஸ்கியூஎல் மொழியின் 1999 தரத்தில் வந்தது. நல்லும் நல்லும் ஒன்று, நல்லும் 3000மும் வேறு என்று தெளிவாகச் சொல்லும். டேட்டாபேஸ் மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸில் இது நெடுங்காலமாக உண்டு. எஸ்கியூஎல் சர்வரில் 2022 பதிப்பில்தான் வந்தது. எஸ்கியூலைட்டில் வெறும் இஸ் என்பதே எந்த இரு மதிப்புகளையும் இப்படி ஒப்பிடும். மைஎஸ்கியூஎல் <=> என்ற குறியை வைத்திருக்கிறது, ஆனால் அது "சமம்" என்பதற்கு; "வேறு" வேண்டுமானால் முன்னால் நாட் போட வேண்டும். ஆரக்கிளில் பழைய ஆட்கள் டீகோட் ஃபங்ஷனைப் பயன்படுத்துவார்கள், அது இரண்டு நல்களைச் சமமாகவே எடுத்துக்கொள்ளும்.

நல் இடத்தில் வேறு மதிப்பைத் தரும் கோயலெஸ் ஃபங்ஷனை இரு பக்கமும் போட்டு, நல் மதிப்பை -1 ஆக்கி ஒப்பிடும் வழக்கமும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. என்றாவது ஒரு நாள் நிஜமான -1 உள்ளே வரும்.

படி 5: நாட் இன் என்ற படுகுழி

நல் தொடர்பான பிழைகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான் என்பது என் கணிப்பு. யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்கள் வேண்டும். படித்தாலே புரியும்படி எழுதுகிறோம்:

செலக்ட் பெயர் ஃப்ரம் ஊழியர்
வேர் எண் நாட் இன் (செலக்ட் மேலாளர்_எண் ஃப்ரம் ஊழியர்)

நிலா, இளங்கோ, தேன்மொழி மூவரும் வர வேண்டும். வருவது ஒருவரும் இல்லை.

உள் குவெரி திருப்பித் தருவது நல், 1, 1, 2, 2. நாட் இன் என்பதை டேட்டாபேஸ் விரித்துப் படிக்கும் விதம் இப்படி, நிலாவின் எண் 3ஐ வைத்துப் பார்த்தால்:

3 <> நல் அண்ட் 3 <> 1 அண்ட் 3 <> 2
தெரியாது அண்ட் உண்மை அண்ட் உண்மை
→ தெரியாது

பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், யாருக்குமே "உண்மை" கிடைக்காது. மலருக்கும் கதிருக்கும் பொய், மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் வெளியே. இன் என்பதில் இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் அங்கே ஆர் போட்டு விரிகிறது. ஒன்று பொருந்தினால் உண்மை ஆகிவிடும்.

இதன் கொடுமை என்னவென்றால், சோதனை செய்யும்போது சரியாக ஓடும். மாதிரி டேட்டாவில் யாரும் நல் போட்டிருக்க மாட்டார்கள். நிஜ டேட்டாவில் முதல் நல் நுழையும் நாள் வரை எல்லாம் சுகம். அன்றைக்குக் குவெரி மாறவில்லை, நிரல் மாறவில்லை, அறிக்கை மட்டும் காலியாக வரும்.

இதற்கு நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள் (அ, ஆ இரண்டும் ஊழியர் டேபிளுக்கே வைத்த சுருக்கப் பெயர்கள்):

செலக்ட் அ.பெயர் ஃப்ரம் ஊழியர் அ
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் ஊழியர் ஆ வேர் ஆ.மேலாளர்_எண் = அ.எண்)
→ நிலா, இளங்கோ, தேன்மொழி

எக்ஸிஸ்ட்ஸ் கேட்பது ஒன்றே ஒன்று: உள்ளே வரிசை ஏதாவது வந்ததா? நல் உள்ள வரிசை உள் வேர் பகுதியிலேயே விழுந்துவிடும், வெளியே குழப்பம் வராது. உள் குவெரியில் வேர் மேலாளர்_எண் இஸ் நாட் நல் சேர்த்தாலும் நாட் இன் சரியாகிவிடும். ஆனால் அதை ஒவ்வொரு முறையும் ஞாபகம் வைத்துச் சேர்க்க வேண்டும். உள்ளே இருப்பது துணைக்குவெரி (உள் குவெரி) என்றால் நாட் எக்ஸிஸ்ட்ஸ், கையால் எழுதிய நிலையான பட்டியல் என்றால் மட்டும் நாட் இன் என்று குழுவில் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

படி 6: எண்ணுவதும் கூட்டுவதும்

கவுண்ட் (எண்ணிக்கை), சம் (கூட்டுத்தொகை), ஏவிஜி (சராசரி) போன்ற தொகுப்பு ஃபங்ஷன்கள் நல் வரிசைகளை விட்டுவிட்டுக் கணக்குப் போடும். கவுண்ட்(*) மட்டும் விதிவிலக்கு, அது வரிசையை எண்ணும்.

கவுண்ட்(*) → 5
கவுண்ட்(ஊக்கத்தொகை) → 3
சம்(ஊக்கத்தொகை) → 8000
ஏவிஜி(ஊக்கத்தொகை) → 2666.67
ஏவிஜி(கோயலெஸ்(ஊக்கத்தொகை, 0)) → 1600

சராசரி 2666ஆ, 1600ஆ? இரண்டுமே சரியான கணக்குகள். "தொகை பதிவான ஊழியர்களின் சராசரி" என்று கேட்டால் முதலாவது. "பதிவு இல்லை என்றால் தொகை இல்லை என்று அர்த்தம்" என்பது அலுவலக நடைமுறையானால் இரண்டாவது. இதை முடிவு செய்ய வேண்டியவர் குவெரி எழுதுபவர் அல்ல, அந்த எண்ணைப் பயன்படுத்தப் போகிறவர். அவரிடம் கேட்காமல் கோயலெஸ் போடுவது, அவருக்குத் தெரியாமல் கணக்கை மாற்றுவதுதான்.

வரிசையே இல்லாதபோது சம் தருவது 0 இல்லை, நல். அந்த நல் மேலே போய் இன்னொரு கூட்டலில் கலந்தால் மொத்தமும் நல் ஆகிவிடும். எனவே கோயலெஸ்(சம்(...), 0) என்று வெளியே சுற்றுவது நல்ல பழக்கம். கவுண்ட் மட்டும் இந்த நிலையிலும் 0 தரும்.

குறுக்கே கூட்டுவதற்கும் நெடுக்கே கூட்டுவதற்கும் சட்டம் வேறு. சம் நல் மதிப்பைத் தாண்டிப் போகும். கூட்டல் குறி போகாது. சம்பளம் என்று இன்னொரு புலம் (டேபிளின் நெடுவரிசை) இருந்து, சம்(சம்பளம் + ஊக்கத்தொகை) என்று எழுதினால் நிலாவின் சம்பளமும் சேர்ந்து காணாமல் போகும். சம்(சம்பளம்) + சம்(ஊக்கத்தொகை) என்றால் போகாது. ஒரே கணக்கு என்று நினைத்து ஒன்றை மற்றதாக மாற்றி எழுதிவிடாதீர்கள்.

குரூப் பை, இரட்டிப்பை நீக்கும் டிஸ்டிங்ட், இரண்டு விடைகளைச் சேர்க்கும் யூனியன் ஆகியவை இந்த விஷயத்தில் முற்றிலும் வேறு. இங்கே எல்லா நல்களும் ஒரே கூட்டம். குரூப் பை துறை_எண் என்றால் 10, 20, நல் என மூன்று குழுக்கள் வரும். செலக்ட் டிஸ்டிங்ட் துறை_எண் மூன்று வரிசை தரும். ஆனால் கவுண்ட்(டிஸ்டிங்ட் துறை_எண்) தருவது 2. வேடிக்கைதான், ஆனால் மேலே சொன்ன விதிகளின்படி இரண்டும் சரி.

குழுக்களோடு மொத்த வரிசையையும் சேர்த்துத் தரும் ரோலப் பயன்படுத்தினால் கூடுதல் கவனம் தேவை. மொத்த வரிசையில் டேட்டாபேஸ் தானே ஒரு நல் போடும். துறை இல்லாதவர்களின் குழுவுக்கும் நல். அறிக்கையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். குரூப்பிங் என்ற ஃபங்ஷன் இதைப் பிரித்துக் காட்டும்: மொத்த வரிசைக்கு 1, சாதாரணக் குழுவுக்கு 0.

படி 7: ஜாயினில் நுழையும் நல், ஜாயினே உண்டாக்கும் நல்

இரண்டு டேபிளிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் தரும் இன்னர் ஜாயினில் சட்டம் எளிது. ஆன் பகுதியில் சமக்குறி இருப்பதால் இளங்கோ எந்தத் துறையோடும் பொருந்த மாட்டார், விழுந்துவிடுவார். ஊழியர் எல்லோரும் வேண்டும் என்றால், இடப்பக்க டேபிளின் எல்லா வரிசைகளையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயின்.

லெஃப்ட் ஜாயின் போட்டதும் புதிய வகை நல் பிறக்கிறது. இது டேபிளில் இல்லாதது. பொருந்தவில்லை என்பதற்காக டேட்டாபேஸ் நிரப்பியது. ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர் என்று எண்ணுவோம் (து, ஊ என்பவை துறை, ஊழியர் டேபிள்களின் சுருக்கப் பெயர்கள்):

செலக்ட் து.பெயர், கவுண்ட்(*), கவுண்ட்(ஊ.எண்)
ஃப்ரம் துறை து லெஃப்ட் ஜாயின் ஊழியர் ஊ ஆன் ஊ.துறை_எண் = து.எண்
குரூப் பை து.பெயர்

கணக்கு | 2 | 2
விற்பனை | 2 | 2
ஆய்வு | 1 | 0

ஆய்வுத் துறையில் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஜாயின் அந்தத் துறைக்காக ஒரு வரிசையைத் தக்கவைத்தது, கவுண்ட்(*) அதை எண்ணிவிட்டது. வலப்பக்க டேபிளின் பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் புலம், இங்கே ஊ.எண்) எண்ணினால்தான் சரியான 0 வரும்.

அடுத்த தவறு இன்னும் சாதாரணமாக நடக்கும். எல்லாத் துறைகளும் வேண்டும், கூடவே 1000க்கு மேல் ஊக்கத்தொகை வாங்குபவர்களும் வேண்டும் என்று, லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டு கீழே வேர் ஊ.ஊக்கத்தொகை > 1000 என்று போடுவார்கள். ஆய்வுத் துறையின் வரிசையில் ஊ.ஊக்கத்தொகை நல், ஒப்பீடு தெரியாது, வரிசை வெளியே. விற்பனையும் அப்படியே போய்விடும். மிஞ்சுவது கணக்குத் துறையும் மலரும் மட்டும். எழுதியது லெஃப்ட் ஜாயின், கிடைத்தது இன்னர் ஜாயின். அந்த நிபந்தனையை ஆன் பகுதிக்குள் நகர்த்துங்கள்:

லெஃப்ட் ஜாயின் ஊழியர் ஊ
ஆன் ஊ.துறை_எண் = து.எண் அண்ட் ஊ.ஊக்கத்தொகை > 1000

குவெரியைப் படிக்கும்போது லெஃப்ட் ஜாயினின் வலப்பக்க டேபிள் பெயர் வேர் பகுதியில் தென்பட்டால், அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். முறையாக அது வர வேண்டிய இடம் ஒன்று உண்டு: "ஆளே இல்லாத துறைகள்" என்று தேடும்போது வேர் ஊ.எண் இஸ் நல். அதற்கும் எண் போல ஒருபோதும் நல் ஆகாத புலத்தையே சோதிக்க வேண்டும். ஊக்கத்தொகையைச் சோதித்தால், நிலாவும் தேன்மொழியும் உள்ள விற்பனைத் துறையும் "ஆளே இல்லை" பட்டியலில் வந்து நிற்கும்.

படி 8: நல் மதிப்பை மாற்றி எழுதும் ஃபங்ஷன்கள்

கோயலெஸ் தன்னிடம் தந்த பட்டியலில் நல் அல்லாத முதல் மதிப்பைத் தரும். எல்லா டேட்டாபேஸிலும் ஒரே மாதிரி கிடைப்பதால் இதையே பழகிக்கொள்வது நல்லது. ஐஎஸ்நல், ஐஎஃப்நல், என்விஎல் என்று ஒவ்வொரு டேட்டாபேஸும் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது, அவற்றில் சின்னச் சின்ன வம்புகள் உண்டு. எஸ்கியூஎல் சர்வரின் ஐஎஸ்நல் முதல் மதிப்பின் வகையையே விடைக்கும் எடுத்துக்கொள்ளும். ஐந்தெழுத்துப் புலத்துக்கு மாற்றாக நீளமான சொல்லைத் தந்தால் ஐந்தெழுத்தில் வெட்டிவிடும். மைஎஸ்கியூஎல்லிலும் ஐஎஸ்நல் உண்டு, ஆனால் அது ஒரே மதிப்பை வாங்கி 1 அல்லது 0 தருவது. பெயர் ஒன்று, வேலை வேறு.

கோயலெஸ் போடச் சிறந்த இடம் செலக்ட் பகுதி, அதுவும் கடைசியாகக் காட்டும் இடம். வேர் பகுதியில் கோயலெஸ்(ஊக்கத்தொகை, 0) = 0 என்று புலத்தைச் சுற்றிவிட்டால், தேடலை வேகமாக்க அந்தப் புலத்தில் உள்ள சாதாரண இண்டெக்ஸ் பொதுவாகப் பயன்படாமல் போகும். ஊக்கத்தொகை = 0 ஆர் ஊக்கத்தொகை இஸ் நல் என்று எழுதுவது கொஞ்சம் நீளம், ஆனால் இண்டெக்ஸுக்கும் வாய்ப்பு, படிப்பவருக்கும் தெளிவு.

நல்இஃப் எதிர்த்திசையில் வேலை செய்யும்: இரண்டு மதிப்பும் சமமானால் நல், இல்லாவிட்டால் முதல் மதிப்பு. பூஜ்யத்தால் வகுக்கும் பிழையைத் தவிர்க்க மொத்தம் / நல்இஃப்(எண்ணிக்கை, 0) என்று எழுதலாம். பிழைக்குப் பதில் நல் வரும். படிவங்களிலிருந்து காலிச் சொற்களாக வந்து குவிந்த புலத்தைச் சுத்தம் செய்யவும் நல்இஃப்(ட்ரிம்(புலம்), '') நல்ல கருவி.

காலிச் சொல் என்றதும் ஆரக்கிள் ஞாபகம் வர வேண்டும். அங்கே காலிச் சொல்லே நல்தான். மற்றவற்றில் '' என்பது நீளம் பூஜ்யமான நிஜ மதிப்பு. ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குழுக்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்.

சொற்களை ஒட்டுவதிலும் ஒற்றுமை இல்லை. போஸ்ட்கிரெஸில் || குறியால் ஒட்டும்போது ஒரு துண்டு நல் என்றால் மொத்தமும் நல். ஆரக்கிள் அதைக் காலிச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். கான்கேட் ஃபங்ஷனை எடுத்தால், மைஎஸ்கியூஎல் நல் தரும். போஸ்ட்கிரெஸும் எஸ்கியூஎல் சர்வரும் நல் துண்டை விட்டுவிட்டு ஒட்டும். கிரேட்டஸ்ட் ஃபங்ஷனும் அப்படித்தான்: போஸ்ட்கிரெஸ் நல் மதிப்புகளைத் தள்ளிவிட்டு மீதியில் பெரியதைத் தரும், மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் ஒன்று நல் ஆனாலும் விடை நல். இதையெல்லாம் நினைவில் சுமக்க வேண்டாம். ஒட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு துண்டுக்கும் கோயலெஸ் போட்டுவிட்டால் எங்கும் ஒரே விடை.

படி 9: வரிசைப்படுத்தல்

ஆர்டர் பை செய்தால் நல் ஓரிடத்தில் ஒன்றாகச் சேரும். எந்த ஓரம் என்பதுதான் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் கடைசியில் வைக்கும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் மூன்றும் முதலில் வைக்கும். இறங்குவரிசையில் எல்லாம் தலைகீழ். அதனால் போஸ்ட்கிரெஸில் "அதிக ஊக்கத்தொகை வாங்கும் முதல் இருவர்" என்று கேட்டால் வந்து நிற்பவர்கள் நிலாவும் தேன்மொழியும்.

நல்ஸ் ஃபர்ஸ்ட், நல்ஸ் லாஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் இந்த வசதி இல்லை. அங்கே ஆர்டர் பை கேஸ் வென் ஊக்கத்தொகை இஸ் நல் தென் 1 எல்ஸ் 0 எண்ட், ஊக்கத்தொகை டெஸ்க் என்று எழுதினால் அதே பலன்.

படி 10: டேபிள் வடிவமைப்பிலேயே குறைப்பது

இதுவரை பார்த்த வம்பில் பாதி, நாட் நல் என்று போட வேண்டிய புலத்தில் யாரும் போடாததால் வந்தது. டேபிள் உருவாக்கும்போது எதுவும் சொல்லாவிட்டால் புலம் நல் மதிப்பை ஏற்றுக்கொள்ளும். பழக்கத்தைத் திருப்பிப்போடுங்கள்: எல்லாப் புலத்துக்கும் நாட் நல், விலக்கு தர வேண்டுமானால் அதற்கு ஒரு காரணம். பிரைமரி கீக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்கியூலைட் ஒரு பழைய பிழையால் சில டேபிள்களில் அதற்கும் நல் அனுமதிக்கும் என்பதால் அங்கே சொல்லிவிடுவது நல்லது.

அதற்காக நல் இடத்தில் -1, 9999-12-31, "தெரியவில்லை" என்ற பொய் மதிப்புகளைத் திணிக்காதீர்கள். நல் சராசரியில் சேராது, -1 சேரும். வேலையை விட்ட தேதி போன்ற புலத்தில், இன்னும் வேலையில் இருப்பவருக்கு நல் இருப்பதே நேர்மையான பதிவு.

செக் கட்டுப்பாடு வேர் பகுதிக்கு நேர் எதிர். செக் (ஊக்கத்தொகை >= 0) என்பது பொய் ஆனால் மட்டும்தான் தடுக்கும். தெரியாது என்றால் உள்ளே விட்டுவிடும். நல் தடுக்கப்பட வேண்டும் என்றால் நாட் நல் தனியாக வேண்டும்.

ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாட்டில் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் ஒரு புலத்தில் எத்தனை நல் வேண்டுமானாலும் விடும். எஸ்கியூஎல் சர்வர் ஒன்றை மட்டுமே விடும். போஸ்ட்கிரெஸ் 15இல் நல்ஸ் நாட் டிஸ்டிங்ட் என்று சேர்த்து இந்த நடத்தையை நாமே தேர்ந்தெடுக்க வழி வந்தது. எஸ்கியூஎல் சர்வரில் பல நல் வேண்டுமானால், வேர் புலம் இஸ் நாட் நல் என்ற நிபந்தனையோடு யூனிக் இண்டெக்ஸ் போடலாம்.

இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் ஃபாரின் கீ இரண்டு புலங்கள் சேர்ந்ததாக இருந்தால், அதில் ஒன்று நல் ஆனாலே வழக்கமான அமைப்பில் சோதனை நடக்காது. மற்ற புலத்தில் இல்லாத எண்ணை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். இப்படிப்பட்ட கீயில் உள்ள புலங்களை நாட் நல் ஆக்கிவிடுங்கள், முடியாவிட்டால் இரண்டும் நல் அல்லது இரண்டும் நல் இல்லை என்று ஒரு செக் போடுங்கள்.

படி 11: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் எங்கே தொடங்குவது

புதிய டேபிளுக்கு இதையெல்லாம் சொல்வது சுலபம். பத்து ஆண்டு பழைய டேபிள் கையில் வந்தால், முதலில் நிலவரத்தைப் பாருங்கள்:

செலக்ட் கவுண்ட்(*),
கவுண்ட்(*) - கவுண்ட்(துறை_எண்),
கவுண்ட்(*) - கவுண்ட்(மேலாளர்_எண்),
கவுண்ட்(*) - கவுண்ட்(ஊக்கத்தொகை)
ஃப்ரம் ஊழியர்
→ 5, 1, 1, 2

நல் அனுமதித்திருந்தும் எண்ணிக்கை 0 என்று வரும் புலங்கள் கட்டாயம் சில இருக்கும். அவற்றை நாட் நல் ஆக்க, நிரல் எதுவும் அங்கே நல் எழுதவில்லை என்று உறுதி செய்தால் போதும். டேட்டாவைத் தொட வேண்டியதில்லை. இதுதான் மிக மலிவான வெற்றி, இங்கிருந்தே தொடங்குங்கள்.

அடுத்து குவெரிகளில் நாட் இன் என்று தேடுங்கள், துணைக்குவெரியோடு வருபவற்றை நாட் எக்ஸிஸ்ட்ஸ் ஆக்குங்கள். பிறகு லெஃப்ட் ஜாயின்களின் வேர் பகுதி. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் விடைகளை ஒப்பிட, ஒரு குவெரியில் வந்து மற்றதில் வராத வரிசைகளைத் தரும் எக்செப்ட் பயன்படுத்தலாம்: பழைய குவெரி எக்செப்ட் புதிய குவெரி, அப்புறம் திருப்பிப் போட்டு ஒருமுறை. எக்செப்ட் நல் மதிப்புகளைச் சமமாகவே கருதும் என்பதால் இந்த ஒப்பீட்டில் அதே பொறியில் மறுபடி விழ வாய்ப்பில்லை. ஒன்று மட்டும்: எக்செப்ட் இரட்டிப்பு வரிசைகளைச் சுருக்கிவிடும், அதனால் இரண்டு பக்க கவுண்ட்(*) எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சோதனை டேட்டாவில், நல் அனுமதிக்கும் ஒவ்வொரு புலத்திலும் குறைந்தது ஒரு வரிசையில் நல் போட்டு வையுங்கள். ஆளே இல்லாத ஆய்வுத் துறை போல, மற்ற டேபிளில் எதோடும் பொருந்தாத ஒரு வரிசையும் இருக்கட்டும். நாட் இன் எழுதியவர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்.